டீச்சர் வீட்டு லைன்

மழை பெய்தால் முதலில் தொலைபேசிக் கம்பியைக் குறை சொல்வது மலைநாட்டில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். பத்தொன்பது வருடமாக அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துப்போய்விட்டது. வாயால் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எழுத்தில் வருவதை அப்படி விட முடியாது.

நீங்கள் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்து, இரண்டு நாள் விசாரித்து, ஓர் அறிக்கை எழுதியிருக்கிறீர்கள். ஹற்றன் அலுவலகத்து கிளாக்கர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். "சம்பவ நேரத்தில் அந்த வீட்டின் தொலைபேசி இணைப்பு செயலிழந்திருந்தது, அதனால் எச்சரிக்கை சென்றடையவில்லை" என்று அதில் இருக்கிறது. அது பிழை. லிந்துலைப் பகுதியின் லைன் திருத்துநர் றோலண்ட் என்ற முறையில் அதைத் திருத்தச் சொல்லி இதை எழுதுகிறேன். ஒரு வரியைத் திருத்த எல்லாவற்றையும் எழுதவேண்டியிருக்கிறது. பரவாயில்லை, எழுதுகிறேன். பொலிஸ் ஏற்கெனவே இயற்கை அனர்த்தம் என்று முடித்துவிட்டது. மலை சரிந்ததற்கு யார்மேல் வழக்குப் போடுவது என்று சொல்லி சார்ஜன்ட் என் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

குணபூசணி டீச்சர் வீட்டுக்கு லைன் இழுத்தது நான்தான், 1996இல். அவர்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். டீச்சர் லிந்துலையில் கணக்குப் படிப்பித்தார், கணவர் பாலச்சந்திரன் ஐயா நுவரெலியா கல்விக் கந்தோரில் அதிகாரி. வீடு பெருந்தெருவுக்குக் கீழே, ஆறாம் நம்பர் மலையின் அடியில், ஓடைக்கு இந்தப் பக்கம் தனியாக இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் தோட்டத்தின் பணிய லயம், தொழிலாளர் குடியிருக்கும் கீழ் வரிசை வீடுகள். அந்த ஒரு வீட்டுக்காகப் பதினொரு கம்பம் நட்டேன். தேயிலைச் செடிக்குள் கம்பத்தைத் தோளில் சுமந்து இறக்கியதில் என் வலது தோள் இன்றைக்கும் மழைக்காலத்தில் வலிக்கும். அதற்காக யாரும் எனக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

2006இல் நம் கம்பனி வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கியபோது, எங்கள் பகுதியில் அதை முதலில் கேட்டவர் டீச்சர். மகள் கஜனி கனடாவில் இருந்தார். அடுத்த வருடம் ஐயாவுக்குப் பக்கவாதம் வந்து, ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. பேச்சில்லாத மனிதருக்கு டெலிபோன் எதற்கு? அதனால் மாலை ஆறு மணிக்குக் கணினிக்கு முன்னால் அவரை நாற்காலியில் உட்காரவைப்பார்கள். மகளுடைய முகம் திரையில் வரும். ஐயா பார்ப்பார். அவ்வளவுதான் அந்த வீட்டில் நடந்த கொண்டாட்டம்.

படம் அடிக்கடி நின்றுவிடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து அந்த வீடு ஐந்து கிலோமீற்றர். செப்புக் கம்பியில் அவ்வளவு தூரம் போனால் வேகம் அப்படித்தான் இருக்கும். அதை டீச்சரிடம் மூன்று தடவை விளக்கினேன். கணக்கு டீச்சருக்கு அது விளங்கியிருக்க வேண்டும். ஆனாலும் என்னைக் கண்டபோதெல்லாம், "படம் நிண்டு நிண்டு வருது தம்பி" என்பார். குழந்தைக்குப் பால் கொடுக்கவில்லை என்று தாயிடம் சொல்வதுபோல இருக்கும் எனக்கு.

2008 மே மாதம், வெசாக் பண்டிகைக்கு முந்திய வாரம், நான் பக்கத்துக் கம்பத்தில் வேலையாக இருந்துவிட்டு அங்கே போனேன். உள்ளே பிரம்பு நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் டை. பெயர் லக்ஸ்மன், புதிதாக வந்த வயர் இல்லாத கம்பனியின் ஏஜன்ட். தலவாக்கலைக் கோபுரத்தைப் பார்த்தபடி கூரைமேல் உயரமாக ஒரு அன்டெனா வைத்தால் படம் தண்ணீர்போல ஓடும் என்று படம் காட்டிக்கொண்டிருந்தான். முதல் நாள் வந்த ஆளுக்கு நாற்காலி. பன்னிரண்டு வருடமாக நான் அந்த வீட்டு வாசலில் நின்றுதான் தேத்தண்ணீர் குடித்திருக்கிறேன். உட்காரச் சொல்லியிருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறார்கள். சப்பாத்தில் சேறு என்று நான்தான் மறுத்தேன். அது வேறு விஷயம்.

லக்ஸ்மன் என்னைப் பார்த்துவிட்டு, "இந்தக் கம்பியெல்லாம் இனிமே உடுப்புக் காயப்போடத்தான் டீச்சர்" என்றான்.

டீச்சர் சிரித்தார். பெரிய சிரிப்பில்லை. மரியாதைக்குச் சிரிக்கும் சிரிப்பு என்று யாரும் சொல்லக்கூடும். நான் தேத்தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

இனி விதியைச் சொல்லவேண்டும். அதை உங்கள் தலைமை அலுவலகம்தான் எழுதியது. ஒரு வீட்டில் பழைய இணைப்பு கணக்கில் இருக்கும்வரை, மூடல் கடிதம் இல்லாமல் புதுக் கம்பனி அங்கே இணைப்புக் கொடுக்காது. மூடல் கடிதத்துக்கு முதலில் லைன் திருத்துநர் லைனைச் சோதித்து, நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதவேண்டும். பிறகு வாடிக்கையாளர் கையெழுத்திடவேண்டும். லைன் செத்துக் கிடந்தால் அதை மூட முடியாது. அது பழுது, பழுதைத் திருத்திய பிறகுதான் மூடலாம். பழுதைத் திருத்துவது யார்? நான். திருத்தாமல் இருந்தால்? அந்த வீட்டுக்குப் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. இந்த விதியை நான் உண்டாக்கவில்லை. நீங்கள் செய்து வைத்ததை எடுத்துப் பாவித்தேன்.

ஏழாம் கம்பத்தில் ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. அதில் ஒரு திருகாணியை இரண்டு சுற்றுச் சுற்றி, டீச்சர் வீட்டுக் கம்பியை வெளியே இழுத்து, மடித்து வைத்தேன். பெட்டியை மூடினேன். மே பதினான்காவதோ பதினைந்தாவதோ. இன்டர்நெட்டும் போயிற்று, டெலிபோனும் போயிற்று.

ஐந்து வாரத்தில் டீச்சர் ஆறு முறைப்பாடு கொடுத்தார். ஆறும் கடைசியில் என் கைக்குத்தான் வந்தன. ஒவ்வொரு தடவையும் போனேன். சுவரில் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தேன், டோர்ச் அடித்தேன், மண்ணுக்குள் இருக்கும் மூட்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, மழை விட்டால்தான் தோண்டலாம் என்றேன். டீச்சர் நம்பினார். தேத்தண்ணீர் கொடுத்தார். ஒரு தடவை கடலை வடையும் இருந்தது.

மாலை ஆறு மணிக்கு ஐயாவை அதே நாற்காலியில் உட்காரவைத்திருப்பார்கள். திரை கறுப்பாக இருக்கும். நேரம் அவருக்குப் பழகிவிட்டதாம், தூக்கிக்கொண்டுபோய் வைக்காவிட்டால் அழுகிறாராம். அதையும் நான் பார்த்தேன். நான் கல்லில்லை. ஆனால் அதை யார் சரிசெய்யலாம் என்று யோசித்துப் பாருங்கள். "சரி றோலண்ட், நாங்கள் மாறவில்லை, உம்முடைய லைனே இருக்கட்டும்" என்று டீச்சர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்றைக்கே ஏறித் திருகாணியை முறுக்கியிருப்பேன். ஒரே வார்த்தை. அதையும் நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

அந்தப் பள்ளத்தில் கைபேசிக்கு சிக்னல் கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஜூன் முதல் வாரத்தில் ஐயாவுக்கு மூச்சு முட்டியபோது, வாடகைக்கு ஓடும் இராமையாவின் வேனைக் கூப்பிட டீச்சர் மழையில் பெருந்தெரு வளைவுவரை ஏறியிருக்கிறார். ஐம்பத்தெட்டு வயது. வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கிவிட்டது. அடுத்த நாள் நான் போனபோது காலைத் துணியால் கட்டியிருந்தார். "இந்த லைன் மட்டும் இருந்திருந்தால்" என்றார். நான் கூர்ந்து கேட்டேன். எந்த லைன் என்று சொல்லவில்லை. அன்று திரும்பும் வழியில் ஏழாம் கம்பத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வீட்டுக்குப் போனேன்.

இப்போது ஜூன் பத்தொன்பது, வியாழக்கிழமை.

நான்கு நாளாக விடாமல் மழை. பிற்பகல் இரண்டரை மணிக்கு என் வீட்டு டெலிபோன் அடித்தது. என் வீட்டு லைன் எந்த மழைக்கும் சாகாது. பேசியது தோட்டத்துக் கண்டாக்கு சிவசாமி. மலையில் வேலையை மேற்பார்க்கிறவர், பதறாத மனிதர். அன்று அவருக்கு மூச்சு வாங்கியது.

"றோலண்ட், ஆறாம் நம்பர் மலையில வெடிப்பு விட்டிருக்கு. கை நுழையுற அகலம். பணிய லயத்து ஆளுகளக் கோயிலுக்கு ஏத்திக்கிட்டு இருக்கோம். டீச்சரம்மா வீட்டுக்கு நாலு தடவ அடிச்சுப் பாத்துட்டேன், லைன் செத்துக் கெடக்கு. ஓடையில தண்ணி ஏறிப்போச்சு, இங்கருந்து ஆள் அனுப்ப முடியல. நீங்கதான் அந்தப் பக்கம் இருக்கீங்க. ஒரு ஓட்டம் ஓடிச் சொல்லிருங்க. ஐயாவத் தூக்க இராமையா தலவாக்கலையிலருந்து வேனோட வந்துக்கிட்டு இருக்காரு, ரோட்டுல நிப்பாரு, நீங்க கூப்பிட்டா எறங்கி வந்துருவாரு."

"சரிங்க, போறேன்" என்றேன். போகத்தான் புறப்பட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கருவிப் பையை எதற்கு எடுத்தாய் என்று நீங்கள் கேட்கலாம். லைன்காரன் பையில்லாமல் வீட்டுப் படி இறங்குவதில்லை. என் வீட்டிலிருந்து டீச்சர் வீட்டுக்கு இறக்கத்தில் பத்து நிமிடம். ஏழாம் கம்பம் பாதி வழியில். அங்கே வந்ததும் நின்றேன். சிவசாமி சொன்னதில் ஒரு வார்த்தை காதிலேயே இருந்தது. லைன் செத்துக் கெடக்கு. நாளைக்கு எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். தோட்டத்து துரை சொல்வார், கிராம சேவகர் எழுதுவார், லக்ஸ்மன் கடை கடையாகச் சொல்லித் திரிவான். யாராவது பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த கம்பியையும் பார்ப்பார்கள்.

அதோடு இன்னொன்றையும் யோசித்தேன். டெலிபோனில் சொல்வது காலால் போய்ச் சொல்வதைவிட வேகம். அதற்காகத்தானே டெலிபோன் இருக்கிறது? ஆகவே ஏறினேன். ஈரக் கம்பம். கை விறைத்துப்போய் திருகாணி இரண்டு தடவை நழுவியது. ஏறி, பெட்டியைத் திறந்து, கம்பியைச் சுரண்டி, உள்ளே விட்டு முறுக்கி முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது. பத்து நிமிடத்தில் நடந்தே போயிருக்கலாமே என்று உட்கார்ந்த இடத்திலிருந்து கணக்குப் பார்க்கிறவர்கள் மழையில் ஒரு கம்பத்திலும் ஏறியிருக்க மாட்டார்கள்.

பிறகு சோதனை டெலிபோனை லைனில் கொளுவினேன். எங்களுக்கு ஒரு எண் இருக்கிறது. அதை அடித்து வைத்தால் எக்ஸ்சேஞ்ச் அதே லைனுக்கு மணி அடிக்கும். வீட்டில் எடுத்ததும் கம்பத்திலிருந்தே பேசலாம். அடித்தேன். கீழே புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மணி நான்கு தடவை அடித்தது. எக்ஸ்சேஞ்ச் பதிவில் இரண்டு ஐம்பத்திரண்டு முதல் இரண்டு ஐம்பத்தைந்து வரை அந்த லைன் பாவனையில் இருந்ததாக ஒரு வரி இருக்கும். ஏன் உங்கள் கண்ணில் படவில்லை என்று தெரியவில்லை. செத்த லைன் என்ற எண்ணத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டிருப்பீர்கள்.

மலை சரிந்தது மூன்று மணிக்கு. நான் அப்போதும் கம்பத்தில்தான் இருந்தேன். சத்தம் நினைத்த அளவுக்கு இல்லை. மேலே தேயிலை வரிசைகள் வளைந்தன, பிறகு வரிசை என்று ஒன்றும் இல்லை. என் இடுப்புக்குப் பக்கத்தில் இருந்த கம்பி ஒரு தடவை விறைத்து, பிறகு தளர்ந்து தொங்கியது. எட்டு முதல் பதினொன்று வரை நான்கு கம்பங்களும் போய்விட்டன. வீடும் போய்விட்டது. புகை மட்டும் கொஞ்ச நேரம் மண்ணுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரையும் எடுக்க மூன்று நாள் ஆனது. நானும் மண்வெட்டி பிடித்தேன், யாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

சிவசாமி என்னிடம் வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சொல்லலையா?"

"போறதுக்குள்ள வந்துருச்சுங்க" என்றேன். அதில் பொய் என்ன இருக்கிறது? நான் போவதற்குள் அது வந்துவிட்டது.

கஜனி கனடாவிலிருந்து எழுதிய முறைப்பாட்டின்பேரில்தான் நீங்கள் வந்தீர்கள். ஐந்து வாரமாக லைன் இல்லை, கேட்கக் கேட்கத் திருத்தவில்லை, அதனால்தான் அம்மாவும் அப்பாவும் செத்தார்கள் என்று எழுதியிருக்கிறார். அந்த ஐந்து வாரத்தை நான் மறுக்கவில்லை. மேலே எழுதிவிட்டேன். அந்த மூன்று நிமிடத்தைத்தான் திருத்தச் சொல்கிறேன். அவர்களுக்கு லைன் இருந்தது. என் கையால் கொடுத்த லைன், நல்ல லைன்.

மூன்று நிமிடம் என்ன பேசினாய் என்று இனிக் கேட்பீர்கள். இவ்வளவும் எழுதிவிட்டு அதை மறைப்பது நன்றாயிருக்காது.

"ஆர், றோலண்ட் தம்பியோ?" என்றார் டீச்சர். "அப்பாடா, லைன் வந்திட்டுது."

"சத்தம் நல்லாக் கேக்குதுங்களா டீச்சர்?"

"நல்லாக் கேக்குது தம்பி. பக்கத்தில நிண்டு கதைக்கிற மாதிரிக் கேக்குது."

அந்த வார்த்தை எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஐந்து வாரத்துக்குப் பிறகு கிடைத்த சந்தோஷம். வெடிப்பைப் பற்றி உடனே சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் இன்னொரு கேள்வி வந்துவிட்டது. "இப்ப லைன் நல்லா இருக்குல்ல டீச்சர். இன்னும் மாத்தத்தான் போறீங்களா?"

"ஓம் தம்பி, மாத்தத்தான் வேணும். இவர் பிள்ளையின்ர முகத்தை ஒழுங்காப் பாக்கட்டும். நாளைக்கு அந்தக் கடிதத்தைத் தந்திடுங்கோ. லக்ஸ்மன் நல்ல பிள்ளை, சனிக்கிழமையே வந்து அன்டெனாவைப் பூட்டித் தாறனெண்டவர்."

மழை பெட்டியின் மூடியில் விழுந்துகொண்டிருந்தது. டீச்சர்தான் திரும்பக் கேட்டார்.

"தம்பி, லயத்துப் பக்கம் சனம் மூட்டை முடிச்சோட ஏறிப் போகுது. ஓடைத் தண்ணியும் சேறாக் கலங்கி வருது. எனக்கு மனம் ஒரு மாதிரிக் கிடக்கு. ஏதும் விசயமோ? நாங்களும் வெளிக்கிட வேணுமோ?"

லக்ஸ்மன் நல்ல பிள்ளை. அப்படியானால் இந்தச் செய்தியையும் அவனே சனிக்கிழமை வந்து சொல்லட்டும் என்று நினைத்தேன். நான் நினைத்தது அவ்வளவுதான், அதற்குமேல் எதையும் நினைக்கவில்லை.

"ஒன்னும் இல்லைங்க டீச்சர்" என்றேன். "கோயில்ல ஏதோ விசேஷம். நீங்க பேசாம வீட்டுலயே இருங்க."

"அப்ப சரி. நீங்கள் இந்த மழைக்குள்ள நிண்டு வருத்தம் தேடாதேங்கோ தம்பி. இறங்கி வாங்கோ, தேத்தண்ணி போட்டு வைக்கிறன். இண்டைக்காவது உள்ள வந்து இருந்து குடியுங்கோ."

வருகிறேன் என்று சொல்லிவிட்டு டெலிபோனைக் கழற்றினேன். பெட்டியை மூடினேன். பழுதுப் புத்தகத்தை மழைச்சட்டைக்குள் வைத்து, இரண்டு ஐம்பத்தாறுக்குப் பழுது நீக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இறங்குவதற்குக் காலை வைத்தபோதுதான் மலை வந்தது.

இப்போது அறிக்கையில் அந்த வரியைத் திருத்திவிடலாம். டீச்சர் கேட்டிருந்த மூடல் கடிதத்தையும் இதோடு இணைத்திருக்கிறேன். லைன் சோதிக்கப்பட்டது, சத்தம் தெளிவு, முறைப்பாடு இல்லை என்று அதில் எழுதியிருக்கிறேன். வாடிக்கையாளர் கையெழுத்து என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அதற்கு விதிப்படி என்ன செய்யவேண்டும் என்று சொன்னால் செய்து தருகிறேன்.